தெரியும்… ஆனா சொல்லலே!

(“போதையை ஊரைவிட்டு விரட்ட வல்லது தடைச் சட்டமா? மக்கள் மனமா?” என்ற தலைப்பில் கள்ளக்குறிச்சியில் நடந்த பட்டிமன்றத்தில், ‘மக்கள் மனமே’ என்ற அணியில் ஆசிரியை ஒருவர் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, நான் பேசத் தொடங்குமுன்பே என் பேச்சுக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, எங்கள் அணித் தலைவர் ஐயா அவர்களே, பந்தல் நிறைய அமர்ந்திருக்கும் கள்ளக்குறிச்சிப் பெருமக்களே, சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே! 

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்: “சட்டம் போடு, எல்லாம் சரியாப் போயிடும்!” மேசைதான் ஆடிப் போச்சே தவிர, வாதம் ஆடாம அப்படியே நிக்குது. (சிரிப்பு)

நடுவர்: மேசை வாடகை மேசைம்மா. பாத்து!

சரிங்க ஐயா, நான் தட்ட மாட்டேன். மனசைத் தட்டறதுதானே எங்க அணியோட வேலை! (கைதட்டல்)

இந்த ஊருக்கு வந்து இறங்கினதும் எனக்கு ரெண்டு நினைப்பு வந்தது. ஒண்ணு பெருமை. இன்னொண்ணு வலி. பெருமை எது? இந்த மண்ணோட மரச்சிற்பம். ஒரு கட்டை மரத்துக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற பிள்ளையாரை உளியாலே வெளியே கூப்பிடுற கை இந்த ஊர்க் கை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தப் பேருக்காகத்தான் உலகம் இந்த ஊரைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும். ஆனா 2024 ஜூன் மாசத்துல உலகம் இந்த ஊர்ப் பேரை எதுக்காக உச்சரிச்சதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வலியைச் சொல்லி உங்க கண்ணைக் கலங்க வைக்க நான் வரலை. அது நமக்கு என்ன பாடம் சொல்லுதுன்னு கேக்கத்தான் வந்திருக்கேன்.

முதல்ல அண்ணன் வாதத்துக்கு வர்றேன். அண்ணன் சொன்னார்: “இ-சிகரெட், வேப் என்கிற புகைக் குழலைப் பாருங்க. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றச் சட்டம் ஆச்சு. தயாரிக்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. முதல் தடவை மாட்டினா ஒரு வருஷம் சிறை, இல்லே ஒரு லட்ச ரூபாய் அபராதம், இல்லே ரெண்டும். மறுபடி மாட்டினா மூணு வருஷம், அஞ்சு லட்சம். கதை முடிஞ்சது!”

அத்தனையும் உண்மை. தமிழ்நாடு அதுக்கும் முந்தி 2018லேயே தடை போட்ட மாநிலம். நான் மறுக்கலை. ஆனா அண்ணே, ‘கதை முடிஞ்சது’ன்னு சொன்னீங்க பாருங்க, அங்கேதான் கதையே ஆரம்பிக்குது.

இங்கே இருக்கிற அம்மாமார்களைக் கேக்கறேன். பீடி வாசனை தெரியுமா? தெரியும். சிகரெட் வாசனை? தெரியும். பிள்ளை தெருமுனையிலே ஒரு இழுப்பு இழுத்துட்டு வாயில ஏலக்காயைப் போட்டுக்கிட்டு வந்தாலும், வாசப்படியிலேயே கண்டுபிடிக்கிற மூக்கு நம்ம தாய்மார் மூக்கு. மோப்ப நாய் தோத்துப் போகும்! (சிரிப்பு) ஆனா இந்த வேப் இருக்கே, இது மாம்பழ வாசனை அடிக்கும். ஸ்ட்ராபெர்ரி வாசனை அடிக்கும். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும், பென்டிரைவ் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், நிக்கோட்டின் கலந்த திரவம். உறிஞ்சினா சூடாகி ஆவி வரும். தீர்ந்து போனா நிரப்ப முடியாது, பேட்டரியோட சேர்த்துத் தூக்கிக் குப்பையிலே போட வேண்டியதுதான். அதைத் தூக்கியெறியும் வேப்னு சொல்றாங்க. அம்மா பையைத் திறந்து பார்த்துட்டு, “என் பிள்ளை எவ்வளவு வாசனையான பேனா வெச்சிருக்கான்!”னு திரும்ப உள்ளேயே வெச்சிடுவாங்க!

அப்போ சட்டம் டெல்லியில இருக்கு. பேனா பையில இருக்கு. ரெண்டுக்கும் நடுவிலே யார் இருக்கா? அம்மா இருக்கா, வாத்தியார் இருக்கார், பெட்டிக்கடை அண்ணாச்சி இருக்கார், பக்கத்து வீட்டுக்காரர் இருக்கார். அவங்களுக்குத் தெரியலேன்னா, தெரிஞ்சும் சொல்லலேன்னா, அந்தச் சட்டம் யாருக்காக நடுவர் அவர்களே? (கைதட்டல்)

கொஞ்சம் வெளிநாட்டையும் பார்ப்போம். இங்கிலாந்துல 2023லே அரசாங்கம் ஜனங்களையே கேட்டுச்சு: “இந்தத் தூக்கியெறியும் வேப்பைத் தடை பண்ணலாமா?” பெத்தவங்க, ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர், பொதுமக்கள்னு ஆயிரக்கணக்கான பேர் பதில் எழுதினாங்க. பத்திலே ஏறக்குறைய ஏழு பேர் ‘தடை பண்ணுங்க’ன்னு சொன்னாங்க. ஏன்? பள்ளிக்கூடப் பிள்ளைங்க கையில அது வந்துடுச்சு. அது மட்டுமில்லே, அந்த நாட்டுல வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் வேப் குப்பையில விழுதுன்னு 2023லே ஒரு கணக்கு வந்துச்சு. அத்தனையிலும் பேட்டரி! கடைசியிலே 2025 ஜூன் 1 முதல் விற்பனைக்குத் தடை. பெல்ஜியம் அதே வருஷம் ஜனவரியிலேயே தடை போட்டுடுச்சு.

அங்கே நடந்த வரிசையைக் கவனிங்க. முதல்ல ஜனங்க முகம் சுளிச்சாங்க, அப்புறம் வாய் திறந்தாங்க, அப்புறம் சட்டம் வந்தது. நம்ம ஊர்ல? சட்டம் முந்திக்கிச்சு. நல்ல சட்டம்தான், அவங்களைவிடக் கடுமையான சட்டம். அவங்க தூக்கியெறியும் வகையை மட்டும் தடுத்தாங்க, நாம எல்லா வகையையும் தடுத்தோம். ஆனா நம்ம ஜனங்க அதைப் பற்றி இன்னும் வாயே திறக்கலை. பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியே பேர் வெச்சு, காது குத்தி, பள்ளிக்கூடத்துலயும் சேர்த்த கதை! (சிரிப்பு)

“அம்மா, சட்டம் போட்டதாலதானே பஸ்ஸிலே புகை பிடிக்கறது நின்னுது?”ன்னு அண்ணன் அடுத்து எழுந்து கேப்பார். நானே சொல்லிடறேன். 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள் முதல், பொது இடத்தில் புகைப்பதற்கான தடை நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. அபராதம் 200 ரூபாய் வரைக்கும். இந்தப் பந்தல்ல அந்த அபராதத்தைக் கட்டினவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க பார்க்கலாம்!

நடுவர்: ஒரு கையும் காணோம். கட்டாதவங்க நிறைய பேர் இருப்பாங்க போல! (சிரிப்பு)

அதுதான் ஐயா! கையும் காணோம், ரசீதும் காணோம். அப்புறம் எப்படி நின்னுது? கைக்குழந்தையோட ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணு திரும்பிப் பார்த்து, “அண்ணே, அதை அணைச்சிடுங்க, பிள்ளைக்கு ஆகாது”ன்னு சொன்னா. பின் சீட்டுப் பெரியவர், “அதானே!”ன்னார். கண்டக்டர் விசில் ஊதினார். அந்த மூணு குரல்தான் ஐயா நிறுத்துச்சு! சட்டம் அந்தப் பொண்ணுக்குத் தைரியம் கொடுத்துச்சு, நான் ஒத்துக்கறேன். ஆனா வாய் அவளோட வாய்! (பலத்த கைதட்டல்)

இப்போ இந்த ஊர்க் கதைக்கு வர்றேன். நம்ம மாநிலத்திலே மதுவுக்குச் சட்டம் இல்லாத குறையா? கல்வராயன் மலைக்கு மேற்குப் பக்கம் இறங்கினா சேலம் மாவட்டம். இராஜாஜி முதன் முதல்ல மதுவிலக்கைக் கொண்டுவந்தது அந்தச் சேலம் மாவட்டத்துலதான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. அந்த 1937ஆம் வருஷத்துச் சட்டம்தான் இன்னிக்கும் திருத்தத் திருத்த ஓடிக்கிட்டிருக்கு. அதுக்கப்புறம்? 1971லே மதுவிலக்கைத் தளர்த்தினாங்க. 1974லே மறுபடி போட்டாங்க. 1981லே மறுபடி எடுத்தாங்க. 1987லே சாராயக் கடையை மூடினாங்க. 1990லே மலிவு மதுன்னு திறந்தாங்க. 1991லே மூடினாங்க. 2003லே சில்லறை விற்பனையை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. நடுவர் அவர்களே, எங்க வீட்டு மாடிப்படி சுவிட்சைக்கூட இத்தனை தடவை போட்டு அணைச்சிருக்க மாட்டோம்! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனா ஒண்ணு பாருங்க. இத்தனை மாற்றத்துக்கு நடுவிலேயும் கள்ளச் சாராயத்துக்கு எந்த அரசும் எந்தக் காலத்திலும் அனுமதி கொடுத்ததே இல்லை. எப்பவும் தடை. எப்பவும் குற்றம். அப்படியிருக்க, 2023 மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20க்கு மேற்பட்ட உயிர் போச்சு. அது நடந்து 13 மாசத்துலே இதே கள்ளக்குறிச்சி, கருணாபுரம். அங்கே 60க்கு மேற்பட்ட உயிர். அதிகம் பேர் கூலி வேலை செஞ்சு பிழைச்சவங்க. ஆம்பளைங்க மட்டுமில்லே, பெண்களும் போனாங்க. அப்பாவும் அம்மாவும் போய், பிள்ளைங்க நடு வீட்டிலே நின்ன கொடுமையும் நடந்தது.

அதுல இருந்தது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய சரக்கு. இந்த இடத்துலே கல்வராயன் மலை மக்களுக்காக ஒரு வார்த்தை பேசணும். சாராயம்னு சொன்னதும் எல்லாரும் மலையைக் கை காட்டறாங்க. மலையிலே வேலம்பட்டை, கடுக்காய், வெல்லம் போட்டு ஊறல் போடறது உண்டு. போலீஸ் போய் அழிக்கறதும் உண்டு. தப்பு தப்புதான். ஆனா கருணாபுரத்துல கொன்னது மரப்பட்டை இல்லே, மெத்தனால். அது மலையிலே விளையலை. தேனும் கடுக்காயும் சாமையும் தினையும் தர்ற மலை அது. ஜாகிர்தார்கள் பிடியிலே பல தலைமுறை கிடந்து, 1976லேதான் முழுசா விடுதலையான மலை. அந்த மக்களுக்கு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி இருக்குன்னு 2024லே சென்னை உயர்நீதிமன்றமே தானா முன்வந்து விசாரிச்சது. இதுக்கு மேலே அவங்க தலையிலே பழியையும் தூக்கி வைக்காதீங்க. (கைதட்டல்)

சரி, மெத்தனால் என்ன செய்யும்? குடிச்ச உடனே கொல்லாது. அதுதான் அதோட வஞ்சகம். உடம்புக்குள்ளே போய் ஃபார்மிக் அமிலமா மாறும். பல மணி நேரம் கழிச்சுத்தான் வயித்து வலி, வாந்தி, கண் மங்கல். அந்த நேரத்துக்குள்ளே ஆஸ்பத்திரிக்குப் போய், “நான் சாராயம் குடிச்சேன்”னு ஒரு வார்த்தை சொன்னா வைத்தியம் இருக்கு, மாற்று மருந்து இருக்கு. ஆனா என்ன சொல்றாங்க? “சாப்பிட்டது ஒத்துக்கலை.” “வெயில்ல நின்னேன்.” வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டாங்க. கூடக் குடிச்சவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டான். முதல் சாவு எதனாலேன்னு வெளியே தெரியறதுக்குள்ளே, அந்தத் துக்கத்துக்கு வந்தவங்களும் அதே சாராயத்தைக் குடிச்சாங்கன்னு அப்போ செய்திகள் வந்தது. நினைச்சுப் பாருங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தா!

விக்கற இடம் தெருவுக்குத் தெரியும். விக்கற நேரம் தெருவுக்குத் தெரியும். பாக்கெட் விலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்… ஆனா சொல்லலே. “நமக்கேன் வம்பு?” நடுவர் அவர்களே, தமிழ்நாட்டிலே ரொம்ப நாளா அமல்ல இருக்கிற சட்டம் எது தெரியுமா? 1937ஆம் வருஷத்துச் சட்டம் இல்லே. ‘நமக்கேன் வம்பு’ங்கிற சட்டம்! (நீண்ட கைதட்டல்)

சாவு நடந்த அதே ஜூன் மாசக் கடைசியிலே சட்டமன்றம் கூடி, கள்ளச் சாராயத்தாலே உயிர் போனா விற்றவனுக்கு ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம்னு சட்டத்தைத் திருத்தினாங்க. அந்த நவம்பர்லே உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாத்துச்சு. எல்லாம் வேணும். நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா கடுமையான தண்டனை எப்போ வந்தது? பாடை போன பிறகு. பாடை போறதுக்கு முன்னாடி வரக்கூடியது எது? பக்கத்து வீட்டுக் குரல்!

வள்ளுவர் யார் பக்கம்னு பார்த்துடுவோமா? எதிரணித் தங்கச்சி, “கள்ளுண்ணாமைன்னு ஒரு அதிகாரமே இருக்கு, வள்ளுவரே தடைக்கு ஆதரவு”ன்னு சொன்னாங்க. நான் ஒரு தமிழாசிரியை. அந்த அதிகாரத்தை வருஷம் தவறாம நடத்தறவ. 93ஆவது அதிகாரம், பொருட்பால்லே இருக்கு. ராஜாவுக்குச் சொல்ற பகுதி. அந்த இடத்துலே வள்ளுவர், “மன்னா, குடிக்கிறவனைப் பிடி, கட்டு, சிறையிலே போடு”ன்னு சொல்லியிருக்கலாம். பத்துக் குறள்லே ஒரு குறள்லே கூடச் சொல்லலை! என்ன சொல்றார்? பெத்த தாய்க்கே அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காதேங்கறார். ஊர்க்காரன் கண்டுபிடிச்சுச் சிரிப்பான்ங்கறார். நாணம்ங்கிற நல்லவ முதுகைக் காட்டிட்டுப் போயிடுவாங்கறார். குடிக்கிறவன் தினம் நஞ்சு உண்கிறவன்தான்ங்கறார். தாய் முகம், ஊர்ச் சிரிப்பு, நாணம். இது மூணும் சட்டப் புத்தகத்திலே இருக்கா? மனசிலே இருக்கு. வள்ளுவர் எங்க அணி! (பலத்த கைதட்டல்)

நடுவர்: அப்போ அந்த நாணத்தாலேதானேம்மா குடிச்சதை ஆஸ்பத்திரியிலே மறைக்கிறாங்க?

நல்ல கேள்வி ஐயா. இதை நானே பல நாள் யோசிச்சிருக்கேன். வெட்கம் குடிக்கறதுக்கு முன்னாடி வரணும். குடிச்ச பிறகு வந்தா, அது உயிரைக் குடிச்சிடும். முந்தி வர்ற வெட்கம் காவல்காரன். பிந்தி வர்ற வெட்கம் எமன். விழுந்தவனைக் கேலி பண்றது மக்கள் மனம் இல்லே ஐயா. விழறதுக்கு முன்னாடி தடுக்கறதும், விழுந்தவனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடறதும்தான் மக்கள் மனம்.

எழுந்தா என்ன ஆகும்னும் ஒரு உதாரணம் இருக்கு. ஆந்திராவிலே நெல்லூர் மாவட்டம், தூபகுண்டா கிராமம். முதியோர் கல்வி வகுப்புக்கு வந்த பெண்கள், எழுத்துக் கூட்டிப் படிச்ச பெண்கள், 1990களின் தொடக்கத்திலே கூடிப் பேசினாங்க. ‘நம்ம வீட்டுக் கஞ்சியைக் குடிக்கிறது யாரு? சாராயக் கடை!’ கடையை மறிச்சாங்க. ரோசம்மாங்கிற பெண்ணோட பேர் நாடெல்லாம் தெரிஞ்சுது. ஊர் ஊராப் பரவி, 1993லே ஆந்திர அரசு சாராயத்தையே தடை செஞ்சுது. சட்டம் போட்டது சட்டமன்றம். போட வெச்சது துடைப்பக்கட்டை! (சிரிப்பு, கைதட்டல்) 1995லே முழு மதுவிலக்கு வந்து, 1997லே அதைத் தளர்த்திட்டாங்க, அதையும் மறைக்காம சொல்றேன். சட்டத்தைப் போட்டாச்சேன்னு ஜனங்க வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டா, போட்டதை எடுக்க ரொம்ப நேரம் ஆகாது.

நடுவர் அவர்களே, மணி அடிக்க நீங்க கையைத் தூக்கறது தெரியுது. ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிச்சிடறேன். இதுவரைக்கும் ஊரைக் குத்தம் சொன்னேன். இப்போ என்னைச் சொல்லணும்.

எங்க தெருவிலே ஒரு பையன். பத்தாவது படிக்கிறான். என்னை ‘டீச்சரம்மா’ன்னுதான் கூப்பிடுவான். ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பின்னாலே மூணு பசங்களோட நிக்கிறான். மாம்பழ வாசனை. வெள்ளையா ஒரு ஆவி. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னாலே கட்டிக்கிட்டு, “வணக்கம் டீச்சரம்மா”ன்னான். நானும் “வணக்கம்ப்பா”ன்னுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அவங்க அம்மாகிட்ட சொல்லலாமா? சொன்னா வருத்தப்படுவாங்க. ‘என் பிள்ளையையா சொல்றே’ன்னு சண்டைக்கு வந்தா? நமக்கேன் வம்பு? மேடையிலே மணிக்கணக்காப் பேசறவ, நாலு வீடு தள்ளிப் போய் நாலு வார்த்தை பேசலை. ஒரு மாசம் போச்சு. பையன் முகம் வாடிப் போச்சு. படிப்பு சரிஞ்சுது. அம்மாவோட சில்லறை டப்பாவிலே காசு காணாமப் போச்சு. அப்புறம்தான் மனசு கேக்காம ஒரு ராத்திரி போய்ச் சொன்னேன்.

அந்தம்மா சண்டைக்கு வரலை. அழவும் இல்லே. என்னையே பார்த்துக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: “டீச்சர், ஒரு மாசமாத் தெரியுமா? ஏன் டீச்சர் சொல்லலே?”

(அவையில் அமைதி)

எந்தக் கோர்ட்டிலேயும் எனக்கு அந்தத் தண்டனை கிடைச்சிருக்காது நடுவர் அவர்களே. எந்தச் சட்டத்திலேயும் என் மேலே குத்தமே இல்லே. ஆனா அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்டே பதில் இல்லே. அந்தப் பையன் அதை விட்டுட்டான், நல்லாப் படிக்கிறான், அது வேற. சட்டம் வந்து அவனை நிறுத்தலை. அவனோட அம்மா ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்துலே உட்கார்ந்து நிறுத்தினாங்க. நான் ஒரு மாசம் முந்திச் சொல்லியிருந்தா, ஒரு மாசம் முந்தி நிறுத்தியிருப்பாங்க.

மக்கள் கருத்து, மக்கள் கருத்துங்கறோம். யாராவது தாளை நீட்டி, “வேப்பைத் தடை செய்யலாமா? சாராயத்தை ஒழிக்கலாமா?”ன்னு கேட்டா, நூத்துக்கு நூறு பேரும் ‘ஆமா’ன்னு டிக் அடிச்சிடுவோம். அது கருத்து இல்லே ஐயா, கையெழுத்து. நம்ம தெருவிலே, நமக்குத் தெரிஞ்ச முகத்துக்கு முன்னாலே, சொல்ல வேண்டிய நேரத்துலே வாயைத் திறந்து சொல்றோமே, அதுதான் மக்கள் கருத்து. அந்தக் கருத்து இருந்தா, இருக்கிற சட்டமே போதும். அது இல்லேன்னா, இன்னும் நூறு சட்டம் வந்தாலும் அலமாரியிலே தூங்கும்.

இந்த ஊர்ச் சிற்பி மரத்துலே சாமியைச் செதுக்கும்போது கடைசியாக் கண்ணைத் திறப்பார். கண்ணு திறந்த பிறகுதான் அது சாமி. சட்டம் நல்லாச் செதுக்கின சிலை, நான் மறுக்கலை. அதுக்குக் கண்ணைத் திறந்து வைக்க வேண்டியது இந்தப் பந்தல்லே இருக்கிற நீங்க. கண்ணைத் திறங்க. கூடவே வாயையும் திறங்க!

போதையை ஊரைவிட்டு விரட்ட வல்லது மக்கள் மனமே, மக்கள் மனமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)